செல்வரத்தினம் செய்த தட்டி

செல்வரத்தினம் தன் கையாலேயே ஒரு தட்டி செய்யப்போவதாக அறிவித்த அன்று, லண்டன் எட்மண்டனிலிருந்த அவர் வீட்டில் யாரும் அதை நம்பவில்லை. பன்னிரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அந்த மனிதர் சுவரில் ஓர் ஆணி அடித்தவரில்லை. 1991ஆம் ஆண்டுக் கலண்டர்கூட ஜன்னல் கொளுக்கியில்தான் தொங்கியது.

முன்னறையில் ஒரு பழைய கணப்படுப்பு இருந்தது. காஸ் ஹீற்றர் பூட்டிய பிறகு அதில் நெருப்பு மூட்டுவதில்லை. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் பார்ப்பது அந்தக் கரிபிடித்த பொந்தைத்தான். அதை மறைக்க ஒரு வடிவான தட்டி வேண்டுமென்று மனைவி கனகவல்லி மூன்று வருடமாகக் கேட்டாள். அப்போதெல்லாம் செல்வரத்தினத்துக்குக் காது மந்தம்.

"கொலிஜிலை சனிக்கிழமையிலை தச்சு வகுப்பு நடக்குது. பத்துக் கிழமை. பேர் பதிஞ்சிட்டன்" என்றார் இப்போது.

"ஆர், நீங்களோ?"

"ஏன், நான் எண்டால் என்ன?"

"போன மாதம் பல்ப் மாத்த உங்கட சிநேகிதர் யோகலிங்கத்தாரைக் கூப்பிட்டனீங்கள்."

"அது வேறை. அது கரண்ட்."

"வகுப்பு எத்தினை மணிக்கு?"

"ரண்டு தொடக்கம் ஆறு மட்டும்."

"யோகலிங்கத்தார் வீட்டிலை காட்ஸ் விளையாடுறதும் அந்த நேரம்தானே?"

"அதை நான் விட்டாச்சு, கனகம். மனிசன் எண்டால் கையிலை ஒரு தொழில் இருக்கவேணும்."

விட்டதாவது, தொட்டதாவது! கனகவல்லியின் தங்கை கல்யாணத்துக்கு, காட்ஸ் மேசையை விட்டு எழும்ப மனமில்லாமல், தாலி கட்டி, பந்தியும் முடிந்து, மண்டபத்தைக் கூட்டுகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தவர் அவர். அன்றோடு காட்ஸுக்குத் தடை. ஆனால் முந்நூற்றிநாலு என்ற அந்தச் சீட்டு விளையாட்டுக்கு நாலு கை வேண்டும். தானில்லாவிட்டால் அந்த மேசையே இல்லை என்பது செல்வரத்தினத்தின் அசையாத நம்பிக்கை. சனிக்கிழமை காட்ஸ் இல்லாவிட்டால் அவருக்கு அந்தக் கிழமையே வீண். அதற்காகத்தான் இந்தத் தச்சு வேடம்.

வேடத்தில் குறை வைக்கவில்லை. காதில் பென்சில் செருகிக்கொண்டு ஒன்றரைக்குப் புறப்படுவார். திரும்பும்போது யோகலிங்கம் வீட்டு முயல் கூட்டிலிருந்து ஒரு பிடி மரத்தூள் எடுத்துச் சட்டையில் தூவிக்கொள்வார்.

கனகவல்லி மோந்து பார்த்தாள். "உங்கட வகுப்பிலை முயலும் படிக்குதோ?"

"அது பைன் மரம். அப்பிடித்தான் மணக்கும்."

ஒன்பதாம் கிழமை வந்தது.

"ஞாயிற்றுக்கிழமை சவுத்தாலிலையிருந்து மச்சாள் ஆக்கள் வருகினம். தட்டி அங்கை நிக்கவேணும்."

"வார்னிஷ் காயுது."

"மூண்டு கிழமையாயோ?"

"இது லண்டன். வெயிலுக்கு நான் எங்கை போறது?"

அன்றிரவு செல்வரத்தினம் தூங்கவில்லை. கனகவல்லி குறட்டை விட்டாள்.

மறுநாள் வேலி ஓரத்தில் பக்கத்து வீட்டு பியற்றிஸ் கூப்பிட்டாள். "அண்ணை, சனிக்கிழமை எங்கட சேர்ச்சிலை விற்பனை. வாங்கோ. கனக்கச் சாமான் வந்திருக்கு. ஃபயர்பிளேஸ் தட்டிகூட ஒண்டு கண்டனான்."

அவளைக் கையெடுத்துக் கும்பிடவேண்டும் போலிருந்தது அவருக்கு. சனிக்கிழமை காட்ஸைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினார். மூன்று மடிப்புத் தட்டி. கறுவா நிறச் சட்டம். நடுவில், துணியில் தைத்த ஒரு மயில், ஒவ்வொரு தோகைக் கண்ணும் மினுங்கியது. கறுத்தக் குப்பைப் பையால் மூடி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து கணப்படுப்பின் முன்னே நிறுத்தினார்.

கனகவல்லி கன்னத்தில் கை வைத்தாள். "மயிலும் நீங்களே தைச்சதோ?"

"ஓம்."

"தோகைக்கு என்ன தையல்?"

"மயில் தையல்."

"சட்டைப் பொத்தானுக்கு ஊசியிலை நூல் கோக்க ஏலாது எண்டு என்னைக் கூப்பிடுறனீங்கள்!"

"கலை எண்டு வந்தால் கண் தெரியும்."

அவள் தட்டியைப் பிடித்துப் பின்பக்கம் திருப்பினாள். மயிலுக்குப் பின்னால் நீலக் கட்டம் போட்ட துணி வைத்துத் தைத்திருந்தது. மூலையில் அயன் பெட்டி சுட்ட தழும்பு. தைப்பொங்கலிலிருந்து வீடெல்லாம் தேடிக்கொண்டிருந்த இடுப்பில் கட்டும் தன்னுடைய சாரத்தைச் செல்வரத்தினம் கண்டுபிடித்துவிட்டார்.

"ரண்டாம் வகுப்பு அண்டைக்கு மழை," என்றாள் கனகவல்லி. "குடையை விட்டிட்டுப் போனீங்கள் எண்டு கொலிஜுக்குக் கொண்டு போனனான். நீங்கள் இருக்கவேண்டிய வாங்கிலை ஆளில்லை. காசு கட்டின இடம்தானே, நீங்கள் இருங்கோ எண்டு வாத்தியார் சொன்னார். இருந்து தட்டியைச் செய்திட்டன்."

"அப்ப பியற்றிஸ்...?"

"நான்தான் தட்டியைக் குடுத்து, உங்களுக்குச் சொல்லச் சொன்னனான். சேர்ச்சுக்கும் ஒரு உதவிதானே."

செல்வரத்தினத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிட, சனிக்கிழமை போய்விட்டதே என்ற துக்கம் பெரிதாக இருந்தது.

"மேல் அறையிலையும் ஒரு ஃபயர்பிளேஸ் இருக்கு," என்றாள் அவள். "அடுத்த தவணைக்கும் உங்கட பேரைப் பதிஞ்சிட்டன். இனி நீங்களே போங்கோ. நான் வரமாட்டன்."

அந்தத் தவணையின் முதல் சனிக்கிழமை போனார். கால் மணி நேரத்தில் சுத்தியல் பெருவிரலில் விழுந்தது. ஒரேயொரு ஆறுதல்தான் மிச்சம். நாலாவது கையில்லாமல் யோகலிங்கம் வீட்டில் மற்ற மூன்று பேரும் கையைப் பிசைந்துகொண்டிருப்பார்கள். இரண்டு கிழமை போனால் அவர்களே வந்து கனகவல்லியிடம் கெஞ்சுவார்கள். தேநீர் இடைவேளையில், வீங்கிய விரலால் கொலிஜ் நடைபாதைப் போனில் யோகலிங்கத்தின் நம்பரைச் சுழற்றினார்.

"என்ன, ஆள் இல்லாமல் விளையாட்டுக் குழம்பிப்போச்சுதோ?"

"இல்லையண்ணை. ஆள் கிடைச்சிட்டுது."

"ஆரது?"

யோகலிங்கம் பதில் சொல்லுமுன், போனில் அவருக்குப் பின்னாலிருந்து, பன்னிரண்டு வருடம் பழகிய பெண் குரலொன்று கேட்டது. "போனை வைச்சிட்டு வாங்கோ, துரும்புச் சீட்டு என்ர கையிலை!"

செல்வரத்தினம் போனை இன்னும் காதோடு அழுத்தினார். எத்தனையோ வருடம் அவருக்குச் சோடியாக விளையாடிய யோகலிங்கம், குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"குறை நினையாதையுங்கோ அண்ணை. எங்கட பக்கம் இண்டைக்குத்தான் முதல்முதல் வெல்லுது."