மாமனார் கார் நம்பர்

"மரியாதைக்குத்தாங்க நம்பரக் கீழ போட்டேன்," என்றாள் தையல்நாயகி. "எங்கப்பா காரு நம்பராச்சே, அது மேலயே மல்லாட்டையக் கொட்டி வறுப்பேனா?"

அரங்கநாதன் இடுக்கியும் கையுமாக அடுப்பங்கரையில் நின்றான். இடுக்கியின் நுனியில் ஓர் இரும்புத் தகடு புகைந்துகொண்டிருந்தது. மேல்புறத்தில் மாமனார் அனுப்பிய மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பொன்னிறமாக வறுபட்டிருந்தது. கீழ்ப்புறத்தில் மாமனாரின் கார் நம்பர் அதைவிட ஒரு பதம் கூடுதலாகவே வறுபட்டிருந்தது.

"வாணலி எங்க?"

"பக்கத்து வூட்டு கெங்கம்மா வாங்கிக்கினு போனாங்க. நாளன்னிக்கு ஆயுத பூஜை. பொரியில கலக்க மல்லாட்டை வறுக்க வாணாமா? இது பரண் மேல சும்மாதானே கெடந்துது!"

சும்மா கிடக்கவில்லை. ஆணி துருப்பிடித்துக் காரிலிருந்து கழன்று விழுந்த தகட்டை, பத்திரமாக இருக்கட்டும் என்று பரண் மேல் வைத்தவன் அவன்தான். விழுப்புரம் ஜங்ஷனில் அவன் பார்சல் கிளார்க். பத்திரமாக வைத்த சாமான்கள் என்ன கதிக்கு ஆளாகும் என்பது மற்ற எவரையும்விட அவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்து என்ன செய்ய.

அந்தக் காரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மாமனார் வெங்கடாசலம் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருப்பவர். முப்பத்திரண்டாம் வருஷம் வாங்கிய சீமைக் காரை விற்கவும் மனம் வராமல், ஓட்டவும் வழியில்லாமல், மூத்த மாப்பிள்ளைக்குச் சீராகக் கொடுத்துவிட்டார். கல்யாணத்தன்று அது திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை வந்து, கிழக்குப் பாண்டி ரோட்டுக் கொட்டகையில் நுழைந்து, ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. அப்புறம் நகரவில்லை. இப்போது அதில் எலிகள் குடித்தனம் செய்கின்றன.

ஆனாலும் மாமனார் வருஷம் தவறாமல் ஆயுத பூஜைக்கு வந்துவிடுவார். எல்லோரையும் கிழக்குப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொல்வார். காரின் முன்தகட்டுக்குத் தன் கையாலேயே நிதானமாகச் சந்தனம் வைப்பார். நிற்பவர்களுக்குக் கால் கடுக்கும். "ம், தொறங்க," என்பார் கடைசியில்.

"வண்டி கெட்டா ரிப்பேர் பண்ணிக்கலாம் மாப்ளே. இந்த எழுத்து போனா வருமா? வாங்கின அன்னிக்கு எழுதினது. வேற பிரஷ்ஷு பட்டதில்ல. உங்க மாமியாரு இத ஒரு நாளு கையால தொட்டிருப்பாளா? தூர நின்னு கும்புடுவா!"

சொல்லிவிட்டு மகளை ஒரு பார்வை பார்ப்பார். பின்தகடு எப்போதோ மாற்றி எழுதியதாம். அதற்கு மதிப்பும் கிடையாது, சந்தனமும் கிடையாது.

"இதுக்கு ஒரு கொறை வந்துச்சுன்னா, வண்டிய கடலூருக்கு இழுத்துக்கினு போய் சின்ன மாப்ள வூட்ல வுட்டுடுவேன்," என்பதும் வருஷம் தவறாது. சின்ன மாப்பிள்ளை சக்கரபாணி அதற்காகக் கொட்டகைகூடப் போட்டுவிட்டானாம்.

கார் போனால் அரங்கநாதன் அழமாட்டான். எலிகளோடு சேர்த்தே வழியனுப்பி வைப்பான். ஆனால் தையல்நாயகி முதல் வருஷமே தீர்த்துச் சொல்லிவிட்டாள்: "காரு என் தங்கச்சி வூட்டுக்குப் போச்சுன்னா நீங்களும் அதுலயே ஏறிப் போயிடுங்க."

அவள் சொன்னால் சொன்னதுதான். அவனுக்குக் கடலூரில் வேறு யாரையும் தெரியாது.

"கரிதாங்க புடிச்சிருக்கு. புளிய போட்டுத் தேய்ச்சா போயிடும்," என்று அவளே தேய்த்தாள். புளியும் சாம்பலும் போட்டு, குத்துவிளக்கு துலக்குகிற பக்தியோடு தேய்த்தாள். கரி போயிற்று. கரியோடு பொரிந்துபோயிருந்த பெயிண்ட்டும் போயிற்று. நானூற்றுப் பதினேழில் நாலும் ஏழும் சாக்கடைக்குப் போய், நடுவில் ஒன்று மட்டும் நின்றது.

"ஒண்ணாவது நின்னுதே," என்றாள்.

அரங்கநாதன் தகட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஸ்டேஷன் எதிரே போர்டு எழுதும் ராஜாமணியிடம் ஓடினான். "பழைய மாதிரியே எழுதணும்பா. புதுசுன்னு தெரியக்கூடாது. ஜல்தியா வேணும்."

"வுடுங்கண்ணே. ஆபீசு முடிஞ்சி வாங்க."

சாயங்காலம் போய்ப் பார்த்தான். ராஜாமணி கைகட்டி ஓரமாக நின்று பாராட்டை எதிர்பார்த்தான். மஞ்சள் எழுத்து. அதற்குச் சிவப்பில் நிழல். இரண்டு பக்கமும் தாமரைப்பூ. பாக்கி இடத்தை வீணாக்குவானேன் என்று அடியில் 'நல்வரவு' என்றும் எழுதியிருந்தான்.

"காப்பி கிளப்பு போர்டாய்யா இது?"

"வெறும் நம்பர எழுதினா மொட்டையா இருக்குதுண்ணே. பார்க்கறவன் கண்ணுல நிக்க வாணாமா?"

"என் மாமனார் கண்ணுல நிக்கக்கூடாதுன்னுதானே உன்கிட்ட வந்தேன்! தொடைச்சுடு."

ராஜாமணிக்கு மனசு ஒடிந்தது. ஒடிந்த மனசோடு டர்பன்டைன் ஊற்றித் துடைத்தான். மஞ்சளும் சிவப்பும் கறுப்பும் கலந்து சாணி நிறமாயிற்று. உப்புத்தாள் போட்டான். மிச்சமிருந்த அந்த ஒன்றும் போய்ச் சேர்ந்தது. இப்போது அது வெறும் தகடு. மல்லாட்டை வறுக்க முன்னைவிடத் தோதாக இருந்தது.

"பழைய எழுத்து எப்படி இருந்துச்சுன்னு காட்டுங்கண்ணே. அச்சு அசலா எழுதிடறேன்."

அரங்கநாதன் வீட்டுக்குப் போய்ச் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவைக் கழற்றி எடுத்து வந்தான். மாலையும் கழுத்துமாக அவனும் தையல்நாயகியும். பின்னால் கார். ராஜாமணி விளக்கடியில் வைத்து உற்றுப் பார்த்தான்.

"நம்பரு எங்கண்ணே? உங்க பட்டு வேட்டிதான் தெரியுது."

கல்யாணத்தன்றே அந்த நம்பரை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறான் பாவி. அதற்கான பலன் இத்தனை வருஷம் கழித்து வந்திருக்கிறது.

"அந்தக் காலத்து எழுத்து எழுதணும்னா ஒரே ஆளுதாண்ணே," என்றான் ராஜாமணி. "பெரியதம்பி. பழைய வண்டித் தகடெல்லாம் அவருகிட்டதான் போவுது. திண்டிவனம், செஞ்சி ரோட்டுல கட."

மாமனாரின் மல்லாட்டை மண்டியும் திண்டிவனம் செஞ்சி ரோட்டில்தான். அரங்கநாதன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொள்வது என்பார்கள். அவன் கதையில் ஓணான் பரணிலிருந்தே வந்தது.

மறுநாள் பல்வலி என்று லீவு சொன்னான். சொன்னதற்குத் தோதாகக் கன்னத்தோடு சேர்த்துத் தலைக்கு ஒரு துண்டைக் கட்டிக்கொண்டான். மாமனார் ஊரில் அடையாளம் தெரியாமலிருக்க அதுவும் உதவும். காலைப் பாசஞ்சரில் ஏறினால் பக்கத்து சீட்டுப் பெரியவர் பல்வலிக்குக் கிராம்பு வைக்கச் சொன்னார், எதிர் சீட்டு அம்மாள் பல்லையே பிடுங்கச் சொன்னாள். விக்கிரவாண்டி தாண்டும்போது அவனுக்கு நிஜமாகவே பல் வலித்தது.

பெரியதம்பி வயசு சொல்ல முடியாத ஒல்லி மனிதர். கடைச் சுவரெல்லாம் பழைய கார், பழைய லாரித் தகடுகள். ஆயுத பூஜைக்காக மறுபிறவி எடுத்து வரிசையாகத் தொங்கின. அவர் தகட்டைச் சுற்றியிருந்த துண்டைப் பிரித்தார். தகட்டை முன்னும் பின்னும் திருப்பினார். மூக்கருகே கொண்டுபோனார். விளிம்பின் மடிப்பிலிருந்து எதையோ நகத்தால் நெம்பி எடுத்துப் பலகை மேல் வைத்தார்.

"எப்பிடி ஆச்சுங்க இது?"

இதற்கு அரங்கநாதன் பதில் யோசித்து வரவில்லை. "இடி," என்றான். "இடி வுழுந்துடுச்சு."

"காரு மேலயா?"

"காருக்கு ஒண்ணும் ஆவல. தகடு மேல மட்டும்."

சொன்ன பிறகுதான் எவ்வளவு கேவலமான பொய் என்று அவனுக்கே தெரிந்தது. பெரியதம்பி சிரிக்கவில்லை. தலையை ஆட்டினார். "சில சமயம் அப்பிடித்தாங்க வுழும். உக்காருங்க. வெயில்ல வெச்சா சாயங்காலம் காஞ்சிடும்."

கறுப்பு பூசினார். அது இறுகியதும் வெள்ளையைத் தொட்டு எழுதத் தொடங்கினார். நம்பர் என்ன என்று அவரும் கேட்கவில்லை, அலுப்பில் அவனும் சொல்லவில்லை. துண்டுக்கட்டோடு சுவரில் சாய்ந்தவன் தூங்கிப்போனான். கண் விழித்தபோது வாசற்படி வெயிலில் நானூற்றுப் பதினேழு உட்கார்ந்திருந்தது. அதே குண்டு நாலு. அதே தலை சாய்ந்த ஏழு. அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாலு பேர் பார்க்காவிட்டால் அந்தக் கையைப் பிடித்து ஒற்றிக்கொண்டிருப்பான்.

"பெரியதம்பி இருக்கானா?"

தெருவிலிருந்து வந்த அந்தக் குரலை அவன் எங்கே கேட்டாலும் எழுந்து நிற்பான். இப்போது எழுந்து ஓடினான். ஓட இடமில்லை. எழுதிக் காயவைத்திருந்த பெரிய ஜவுளிக்கடை போர்டுக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்துகொண்டான். சட்டையின் பின்பக்கம் போர்டில் பச்சென்று ஒட்டியது. வாசற்படியில் தகடு கிடக்கிறது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. போயிற்று, கடலூருக்கு இனி எத்தனை மணிக்கு வண்டி என்று யோசிக்கத் தொடங்கினான்.

பெரியதம்பி அவசரமே படாமல் ஒரு காலிக் கூடையை எடுத்துத் தகட்டின் மேல் கவிழ்த்தார். வெங்கடாசலம் கூடையைத் தாண்டி உள்ளே வந்தார். தெருவை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். மாமனாருக்குத் தாழ்ந்த குரல் ஒன்று உண்டு என்பதே அரங்கநாதனுக்கு அன்றுதான் தெரிந்தது.

"நாளைக்கு வியுப்புரம் போறேம்பா. வழக்கமா குடுக்கறத குடு."

பெரியதம்பி ஒரு சின்ன டப்பாவும் மெல்லிய பிரஷ்ஷும் கொடுத்தார். வெங்கடாசலம் இரண்டையும் மடியில் செருகி, மேல்துண்டால் மூடிக்கொண்டார்.

"யார்கிட்டயும்..."

"இத்தினி வருஷம் சொன்னனாங்க?"

மாமனார் போய்விட்டார். அரங்கநாதன் போர்டிலிருந்து தன்னைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தான். முதுகில் பாதி ஜவுளிக்கடை இருந்தது.

"என்னாங்க குடுத்தீங்க அவருக்கு?"

"வெள்ள பெயிண்ட்டுங்க. எழுத்து மங்கினா தெரியக்கூடாதாம். சந்தனம் வெக்கற சாக்குல வருஷா வருஷம் தொட்டுக்குவாரு."

கிழக்குப் பார்த்துக் கண்ணை மூடி நின்ற அத்தனை ஆயுத பூஜைகளும் அரங்கநாதனுக்குக் காலில் ஒரு முறை வலித்தன.

"வாங்கின அன்னிக்கு எழுதின எழுத்து, வேற பிரஷ்ஷே பட்டதில்லன்னாரே!"

பெரியதம்பி கூடையை நிமிர்த்தித் தகட்டை எடுத்தார். பழைய துண்டில் சுற்றி அவன் கையில் கொடுத்தார். காலையில் பலகை மேல் எடுத்து வைத்தது அங்கேயே இருந்தது. ஒரு மல்லாட்டைத் தோல். அதை வாயால் ஊதிவிட்டார்.

"உங்க கல்யாணத்துக்கு ரொம்ப முந்தி, ஐயாவும் இடி வுழுந்துடுச்சுன்னுதான் இத எடுத்தாந்தாருங்க. பின்னாடியே உங்க மாமியாரு அழுதுக்கினு வந்து சொன்னாங்க, மரியாதைக்கு நம்பரக் கீழ போட்டுத்தான் வறுத்தாங்களாம்."