பவளம் கொடுத்தவர் வருகிறார்

கொடுக்க மனமில்லாத கஞ்சர்களைப் பற்றி எல்லாரும் எழுதிக் கைவலித்து ஓய்ந்துவிட்டார்கள். அவர்களால் நமக்கென்ன தொல்லை? கொடுக்க மாட்டார்கள், அவ்வளவுதானே. நாம் அஞ்சி ஒதுங்க வேண்டியது வேறோர் இனம்: கொடுத்துவிட்டு, கொடுத்த பொருளின் பின்னாலேயே நம் வீட்டுக்குள் வந்துவிடுகிறவர்கள்.

இந்த இனத்தில் முழு வளர்ச்சி பெற்ற ஒருவரைக் காட்டுகிறேன், பாருங்கள். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். சொந்தக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் பவளத்தார். அவர் இல்லாத இடத்தில் மட்டும். வீட்டில் சோபா இருக்க வேண்டிய இடத்தில் ஐந்தடி நீளத்துக்கு ஓர் உப்புநீர்த் தொட்டி. அதன் நடுவில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் குடை விரித்தபடி, சந்தன நிறத்தில் ஒரு மென்பவளம். கல்லாக இறுகாத வகை; தொட்டால் தோல் மாதிரி இருக்கும். பதினோரு வருஷமாக அவர் கையால் வளர்ந்தது. அதன் மேல் அவருக்கு உயிர்.

உயிர் என்றால் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்வாரோ? மாட்டார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, கையுறை மாட்டி, புதுப் பிளேடால் குடையின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு நறுக்கி, அதை எலுமிச்சை அளவு கல்லின் மேல் கிடத்தி, நழுவாமல் வலைத்துணி சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, நீரோட்டம் மெதுவாக உள்ள மூலையில் வைப்பார். தாய்ப் பவளம் நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சுருங்கிக் கிடக்கும். துண்டு இரண்டு வாரத்தில் கல்லைப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததோ இல்லையோ, அதை யாருக்காவது கொடுத்தாக வேண்டும் அவருக்கு.

யாருக்கு? கேட்டவர்களுக்கு என்றா நினைத்தீர்கள்? கேட்கிற தைரியசாலி யாரும் மிச்சமில்லை. கடைசியாக அகப்பட்டவன் மனைவியின் தம்பி, ஃபிரிட்ஜ் மெக்கானிக். "மாப்ளே, சும்மா பார்த்துக்கிட்டே இரு, மனசுக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா?" என்று சொல்லி, அவன் வீட்டில் ஒரு சின்னத் தொட்டியை வைத்து, உப்புக் கலந்து, விளக்கு மாட்டி, பவளத் துண்டையும் குடியேற்றினார். அன்றோடு அந்த வீட்டின் நிம்மதி போனது.

பெண்ணைக் கட்டிக்கொடுத்த தகப்பன்கூட மாதம் ஒருமுறைதான் எட்டிப் பார்ப்பான். இவர் ஞாயிறு தவறாமல் வந்தார். மச்சினன் மனைவி "வாங்கண்ணா" என்று சொல்லி முடிப்பதற்குள் முழங்கை வரை தண்ணீருக்குள். கல்லை அரை விரல் இடப்பக்கம் திருப்புவார். பின்னால் நகர்ந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, மறுபடி வலப்பக்கம் திருப்புவார். "இப்ப நல்லாயிருக்கா, முன்னாடி நல்லாயிருந்துச்சா?" என்று கடைப் பழக்கத்தில் கேட்பார். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார்.

"உப்பு குறைஞ்சிருக்கே?"

"நேத்துத்தான் பார்த்தேன் அத்தான்."

"என்னத்தைப் பார்த்தே? பாவம், வாடிப்போச்சு. ஒரு உயிரை நம்பிக் கொடுத்தா இப்படியா வச்சிருப்பே? உனக்கு லாயக்கில்லை மாப்ளே, நான் எடுத்துட்டுப் போறேன்."

"தாராளமா எடுத்துட்டுப் போங்க அத்தான். பிளாஸ்டிக் கவர் தரவா?"

எடுப்பாரா? எடுத்துவிட்டால் அடுத்த ஞாயிறு எங்கே போவது? கையைத் துடைத்துக்கொண்டு, "போனாப் போகுது, இன்னொரு சந்தர்ப்பம் தர்றேன்" என்று பெரிய மனசு பண்ணினார்.

அடுத்த ஞாயிறும் கை தண்ணீருக்குள்ளேயே இருந்தபோது, சட்டைப் பையில் போன் நாலு முறை அடித்து ஓய்ந்தது. ஐந்தாவது அழைப்பு மச்சினன் மனைவியின் போனுக்கு வந்தது. பேசியது பவளத்தாரின் மனைவி.

"அவரை உடனே கிளம்பி வரச் சொல்லு. இங்க வீடெல்லாம் தண்ணி!"

நடந்தது இதுதான். தொட்டி நீர் ஆவியாகிக் குறைந்தால், பக்கத்துப் பீப்பாயிலிருந்து நல்ல தண்ணீரைத் தானாக இறக்கிவிட ஒரு மிதவை உண்டு. வாரம் ஒருமுறை அதைத் துடைக்க வேண்டும். ஊரார் மிதவைகளை எல்லாம் துடைத்து வந்த மனுஷன் தன்னுடையதை மறந்துவிட்டார். அதன் மேல் தொட்டி நத்தை ஒன்று ஏறிச் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது. நீர் ஏறியும் மிதவை எழும்பிக் குழாயை அடைக்கவில்லை. பீப்பாய்த் தண்ணீர் மொத்தமும் உள்ளே இறங்கி, உப்பு நீர்த்து, தரையில் வழிந்தது. மூன்றே நாளில் பதினோரு வருஷக் குடை கொழகொழவென்று கையோடு வந்துவிட்டது.

அழுதார். கேலியை நிறுத்திவிட்டுச் சொல்கிறேன், தேம்பித் தேம்பி அழுதார். காலையில் எழுந்ததும் முதலில் பார்க்கிற முகம் அதுதான் என்றார். மனைவிகூட அன்று அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை.

வெட்கத்தில் மூன்று மாதம் மச்சினன் வீட்டுப் பக்கமே அவர் போகவில்லை. வெறும் தொட்டியைப் பார்த்துப் பார்த்து இளைத்துப்போனார்.

"என் தம்பிகிட்ட ஒரு துண்டு கேளுங்களேன்" என்றாள் மனைவி.

"எந்த மூஞ்சியோட போய்க் கேட்கிறது?"

"இருக்கிற மூஞ்சியோடதான்."

போனார். மூன்று மாதமாக யாரும் திருப்பாத கல்லின் மேல், அந்தத் துண்டு உள்ளங்கை அகலத்துக்குக் குடை விரித்து நின்றது. மச்சினன் ஒரு சொல் குத்திக்காட்டவில்லை. சமையலறைக் கத்தரிக்கோலை அலசி எடுத்துவந்து, பாதிக் குடையை நறுக்கி, மனைவியின் தலைமுடி ரப்பர் பேண்டால் ஒரு கல்லோடு கட்டிக் கொடுத்துவிட்டு, யார் வீட்டு ஃபிரிட்ஜையோ பார்க்கக் கிளம்பிப் போனான். கத்தரிக்கோலைப் பார்த்ததும் பவளத்தார் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

துண்டு கல்லைப் பிடித்துக்கொண்டது, தளதளவென்று விரிந்தது. சுபம் என்று எழுந்துவிடாதீர்கள். ஒரு வாரமாயிற்று, மச்சினன் வரவில்லை. இரண்டு வாரம், ஒரு போனும் இல்லை. ஞாயிறுதோறும் பவளத்தார் தொட்டிக் கண்ணாடியைத் துடைத்து, நல்ல சட்டை போட்டு, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தார். ஆறாவது வாரம் பொறுக்காமல் அவரே போன் போட்டார்.

"மாப்ளே, நீ கொடுத்தியே, அது எப்படியிருக்குன்னு ஒரு வார்த்தை கேட்கலையே?"

"எது அத்தான்?"

"பவளம்டா!"

"ஓ, அதுவா. அதான் கொடுத்தாச்சே."

போனை வைத்தார். பிறகு மனைவியிடம், "உன் தம்பி பாசமே இல்லாத பய" என்றார். கொடுத்தாச்சாமே! அப்படியும் ஒரு மனுஷன் கொடுப்பானா?

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் போன மாதம் நண்பர் வீட்டுக்குப் போனீர்களே, அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்க, நீங்கள் பரிசாகக் கொடுத்த சுவர்க்கடிகாரம் எங்கே தொங்குகிறது என்று கண்ணாலேயே வீடு முழுக்கத் துழாவியது யார்? கை கழுவுகிற சாக்கில் உள்ளறை வரை போய், அது ஐந்து நிமிஷம் பின்தங்கி ஓடுவதைக் கண்டுபிடித்து, கேட்காமலே நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறியது யார்?