வாசலில் நிற்பவர் கணக்கில் சேர மாட்டார்

கடை வைத்திருப்பவர்கள் இரண்டே வகை என்று நேற்றுவரை நினைத்துக்கொண்டிருந்தோம். வாடிக்கையாளரைக் கண்டால் சிரிப்பவர், வாடிக்கையாளரைக் கண்டால் முறைப்பவர். இப்போது மூன்றாவதாக ஓர் இனம் தோன்றியிருக்கிறது. இந்த இனத்தார் சிரிக்கவும் மாட்டார், முறைக்கவும் மாட்டார். வாசலில் வந்து நிற்கும் மனிதரைப் பார்த்து, "அடடா, நேராவே வந்துட்டீங்களே" என்று வருத்தப்படுவார். இணையத்தில் தேடி, அவருடைய வீடியோவைக் கண்டுபிடித்து, கடைசிவரை பார்த்து, அடியில் இருக்கும் இணைப்பைத் தொட்டு, அவருடைய இணையதளத்துக்குள் நுழைந்தால்தான் அது வருகை. செருப்பு தேய நடந்து வருவதெல்லாம் ஒரு வருகையா?

நம்புவதற்குக் கஷ்டமாக இருந்தால் எங்கள் தெருவின் ஃபிரிட்ஜ் மெக்கானிக்கைப் பாருங்கள். கைராசிக்காரர். கம்ப்ரசர் ஓடும் சத்தத்தைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டே நோய் சொல்லக்கூடியவர். அப்படிப்பட்டவரை யாரோ ஒரு மண்டபத்தில் நடந்த பயிற்சி வகுப்புக்கு அழைத்துப்போனார்கள். கோட்டு போட்ட ஒருவர் மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே, "விளம்பரத்துக்கு ஏன் செலவு செய்கிறீர்கள்? ஜனங்கள் ஏற்கெனவே தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் தேடுகிற இடத்தில் ஒரு வீடியோவைப் போட்டு வையுங்கள். கூட்டம் இலவசமாக வரும்" என்றார். இலவசம் என்ற சொல் காதில் விழுந்த பிறகு மனிதன் யோசிப்பானா? ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிக்கிற பிறவி அல்லவா நாம். மெக்கானிக் வீடு திரும்பும்போதே பாதி மாறியிருந்தார்.

அன்றிலிருந்து அவருடைய ஒவ்வொரு பேச்சும் "வணக்கம் நண்பர்களே" என்று தொடங்கியது. காமிரா இல்லாத நேரத்திலும் தொடங்கியதால் தெருவில் அவருக்கு நண்பர்களே என்றே பெயர் நிலைத்துவிட்டது. "என்ன நண்பர்களே, இன்னைக்குக் கடை திறக்கலையா?" என்று பேப்பர் போடுகிறவர் கேட்பார். ஒற்றை ஆளைப் பன்மையில் கூப்பிடுகிறோமே என்று கேட்டவருக்கும் தோன்றவில்லை, கேட்கப்பட்டவருக்கும் தோன்றவில்லை.

வீடியோ எடுப்பது ஒரு தனிச் சடங்கு. முதலில் மின்விசிறியை நிறுத்த வேண்டும், ஏனென்றால் சத்தம் பதிவாகிவிடும். பிறகு ஜன்னலைச் சாத்த வேண்டும். பிறகு பக்கத்து வீட்டு மிக்ஸி ஓயும்வரை காத்திருக்க வேண்டும். அது ஓய்ந்து, இவர் "வணக்கம்" என்று வாயெடுத்ததும் மாடி வீட்டில் குக்கர் விசிலடிக்கும். மறுபடி முதலிலிருந்து. இத்தனையையும் வேர்த்து விறுவிறுத்து, கை மரத்துப்போக, போனைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவருடைய வீட்டம்மா. ஸ்க்ரூ டிரைவர் எங்கே போனாலும் போன் கூடவே போக வேண்டும் என்பது உத்தரவு. கடைசியில் முகப்புப் படம். கன்னத்தில் கைவைத்து, கண்ணை உருட்டி, வாயைப் பிளந்து நிற்பார் மெக்கானிக். பக்கத்தில் ஒரு ஃபிரிட்ஜ், அதை நோக்கி ஒரு சிவப்பு அம்பு. உள்ளே பிணம் கிடக்கிறது என்று நினைத்துத்தான் பாதிப் பேர் திறந்து பார்த்தார்கள் என்பது என் சந்தேகம்.

அவர் வீட்டு ஃபிரிட்ஜின் கதவு சரியாக மூடாது. நைலான் கயிறு போட்டுக் கட்டியிருக்கும். ரப்பர் பட்டையை மாற்றினால் தீர்ந்துபோகிற வேலை. புதுப் பட்டை அலமாரியிலேயே இருந்தது. ஆனால் அது வரப்போகும் வீடியோவுக்கான விஷயம். படம் பிடிக்காமல் சரி செய்துவிட்டால் வீணாகிவிடாதா? பால் வைக்கவும் எடுக்கவும் வீட்டம்மா முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஒருநாள் வாசலில் ஒருவர் வந்து நின்றார். தூக்கமில்லாத முகம். "எங்க வீட்டு ஃபிரிட்ஜ் மேல குளிருது, கீழ குளிரவே மாட்டேங்குது" என்றார்.

மெக்கானிக்கின் கண்கள் மின்னின. "இன்னொரு தடவை சொல்லுங்க. அதே வார்த்தையில."

அவர் சொன்னார்.

"இப்படித்தான் ஜனங்க தேடுறாங்க. இதையே தலைப்பா வச்சிடறேன். ரொம்ப நன்றி சார்."

"அது சரி, நீங்க எப்ப வந்து பாப்பீங்க?"

"வீடியோ வியாழக்கிழமை வந்துடும். அதைப் பாத்துட்டு வெப்சைட்ல பதிவு பண்ணிடுங்க."

வந்தவர் மேலும் கீழும் பார்த்தார். பிறகு அடுத்த தெரு மெக்கானிக்கைத் தேடிப் போனார். அந்த அடுத்த தெருக்காரருக்கு வீடியோவும் கிடையாது, வெப்சைட்டும் கிடையாது. ஒரு பழைய ஸ்கூட்டரும், கூப்பிட்டால் எடுக்கிற போனும்தான் உண்டு. வீடு தேடி வந்த சீதேவியைக் காலால் எட்டி உதைப்பது என்பார்களே, அதை நம்மவர் மரியாதையாக, கைகூப்பிச் செய்தார்.

கடை வெறிச்சோடத் தொடங்கியது. மெக்கானிக்குக் கவலையே இல்லை. காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன் போனைத் திறந்து, எந்தெந்த இடத்திலிருந்து யார் யார் பார்த்தார்கள் என்று ஆராய்வார். ஒருநாள் ஓடி வந்தார்.

"இங்க பாரு. கடலுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து ஒருத்தர் முழுசா பாத்திருக்கார்."

"சந்தோஷம். அவர் வீட்டு ஃபிரிட்ஜைச் சரி பண்ண நீந்திப் போகப்போறீங்களா?" என்று கேட்டார் வீட்டம்மா.

இன்னொரு நாள் ஒரு பின்னூட்டம் வந்தது. "அண்ணா, உங்க வீடியோ பாத்து நானே சரி பண்ணிட்டேன், கோடி நன்றி." அதைப் படித்து மெக்கானிக் கண் கலங்கினார். வீட்டம்மாவுக்கும் கண் கலங்கியது, ஆனால் காரணம் வேறு.

"என்னங்க, அந்த வீட்டு வேலை உங்களுக்கு வந்திருக்க வேண்டியது. அதையும் நீங்களே சொல்லிக்கொடுத்து அனுப்பிட்டீங்க. இந்தக் கடை ஓடலைன்னா நம்ம குடும்பம் ஓடாதுங்க. எனக்குப் பயமா இருக்கு."

"உனக்குப் புரியாது. விதை போட்டிருக்கேன். முளைக்கும்" என்றார் அவர். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவனிடம் வெண்ணெயைக் காட்டினால், கை பிசுபிசுக்கிறது என்றுதான் சொல்லுவான்.

இப்படி இருக்கும்போதுதான் அவர் ஆர்டர் செய்திருந்த மூன்று கால் ஸ்டாண்டு வந்து சேர்ந்தது. வீட்டம்மாவுக்குப் போன் பிடிக்கும் உத்தியோகத்திலிருந்து விடுதலை. மெக்கானிக் போனை ஸ்டாண்டில் மாட்டி, கழுத்தைத் திருகிச் சரி பார்த்துக்கொண்டிருந்தபோது அது அலறியது. அவருடைய சொந்த அக்கா.

"தம்பி, ஃபிரிட்ஜ் திடீர்னு நின்னுபோச்சுடா. மாமாவோட இன்சுலின் எல்லாம் உள்ளதான் இருக்கு. சீக்கிரம் வாடா."

மெக்கானிக் ஒரு நிமிஷம் யோசித்தார். உடனே ஓடுவதற்கான யோசனை என்று நினைத்தீர்களா?

"அக்கா, எனக்காக ஒண்ணு பண்ணு. போனை வச்சிட்டு, ஃபிரிட்ஜ் திடீர்னு நின்னுபோச்சுன்னு தேடு. என் வீடியோ வரும். நடுவுல தள்ளிவிடாம முழுசா பாரு. அப்புறம் கீழ லிங்க் இருக்கும், அதைத் தொட்டு விவரத்தை எழுதி அனுப்பு. வந்துடறேன்."

"நான் உன்கிட்டதானடா பேசிக்கிட்டிருக்கேன்?"

"நீ பேசினா அது கணக்குல சேராதுக்கா. நம்ம ஊர்லேர்ந்து தேடி வந்தா நல்லது."

அக்கா பாசக்காரி. தம்பி எதையோ சொல்கிறான், அதில் அவனுக்கு ஏதோ நன்மை இருக்கும் போல என்று நினைத்தார். மருந்துகளை ஐஸ்கட்டியோடு ஒரு பிளாஸ்க்கில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, தம்பியின் முகத்தைத் திரையில் பார்க்க உட்கார்ந்தார். "வணக்கம் நண்பர்களே" என்றான் தம்பி. "வணக்கம்டா" என்றார் அக்கா. விவரங்களை எழுதி அனுப்பியும் விட்டார்.

தம்பியோ, படப்பிடிப்புக்கு இடைஞ்சல் வரக்கூடாதென்று, போனில் எந்த அழைப்பும் எந்தச் செய்தியும் வராதபடி நிறுத்திவிட்டு, ஃபிரிட்ஜைப் பராமரிப்பது குடும்பப் பொறுப்பு என்று ஸ்டாண்டுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

காத்திருந்து காத்திருந்து அக்கா கடைசியில் வீட்டம்மாவின் போனுக்குக் கூப்பிட்டார். "ஏம்மா, அவன் கிளம்பிட்டானா? ஐஸ் கரையுது. எல்லாம் அவன் சொன்னபடியே செஞ்சிட்டேனே."

வீட்டம்மா சாத்தியிருந்த கதவைப் பார்த்தார். "கிளம்பியாச்சு அண்ணி" என்றார். டூல்ஸ் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு அவரே கிளம்பினார்.

அண்ணி வீட்டில் போய்ப் பிளக்கைப் பிடுங்கினார். ஃபிரிட்ஜைத் திருப்பி, பின்பக்கத் தகட்டைக் கழற்றினார். கம்ப்ரசரின் பக்கவாட்டில் குந்தி அதைக் கிளப்பிவிடும் ரிலேயை இழுத்தெடுத்துக் காதருகே ஆட்டினார். கலகலவென்றது. உள்ளே நொறுங்கிக் கருகியிருக்கிறது என்று அர்த்தம். எப்படித் தெரியும் என்கிறீர்களா? அண்ணி பார்த்த அதே வீடியோவுக்குக் குக்கர் விசிலின் உபயத்தில் எத்தனை தடவை போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்! பையிலிருந்து புது ரிலேயை எடுத்து மாட்டினார். கம்ப்ரசர் முனக ஆரம்பித்தது. அண்ணி பிளாஸ்க்கை மடியிலிருந்து இறக்கி, வீட்டம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டம்மாவுக்கு வெகுநாளாக இருந்த பயம் கொஞ்சம் குறைந்தது. திரும்பும் வழியில் அண்ணியின் எதிர்வீட்டுக்காரர் வேறு தன் ஃபிரிட்ஜையும் பார்க்கச் சொன்னார். பார்த்துவிட்டே வந்தார்.

சாயங்காலம் படப்பிடிப்பு முடிந்து மெக்கானிக் போனைத் திறந்தார். அடுத்த கணம் அவர் போட்ட சத்தத்தில் வீட்டம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

"முளைச்சிடுச்சு. நம்ம ஊர்லேர்ந்தே ஒருத்தர் தேடி வந்திருக்காங்க. முழு வீடியோவும் பாத்திருக்காங்க. ஒரு இடத்துலகூடத் தள்ளிவிடல. பதிவும் பண்ணியிருக்காங்க. நான் சொன்னேனா இல்லையா?"

"அது உங்க அக்கா."

மெக்கானிக் வாயைப் பிளந்தார். இந்த முறை முகப்புப் படத்துக்காக அல்ல. "ஐயையோ, அக்கா. மாமாவுக்கு மருந்து. ஃபிரிட்ஜ் என்ன ஆச்சு?"

"ஓடுது. ரிலே போயிருந்தது."

"யார் மாத்தினது? அடுத்த தெருக்காரனா?"

"நான்தான்."

மெக்கானிக் மனைவியை ஏற இறங்கப் பார்த்தார். தோளில் பை பதிந்த தடம், விரலில் கறுப்பு மசி. ஏதோ உள்ளே உடைகிறது, இப்போது மனுஷன் மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று வீட்டம்மாவே ஒரு கணம் நம்பினார். அவர் மெல்ல, மரியாதையோடு கேட்டார்:

"வீடியோ எடுத்தியா?"

இப்போது அந்தக் கடையில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். தேடுகிறவர்களை ஒருவர் கவனித்துக்கொள்கிறார், வந்து நிற்கிறவர்களை இன்னொருவர் கவனித்துக்கொள்கிறார். யாருடைய உழைப்பில் அடுப்பு எரிகிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களுக்குக் கடையும் இல்லை, வெப்சைட்டும் இல்லை, அதனால் நீங்கள் இந்த இனமில்லை. போன தடவை உங்கள் அம்மாவின் பிறந்தநாளுக்கு உருக்கமாக நாலு வரி எழுதி, பழைய படத்தோடு ஊரெல்லாம் பார்க்கப் போட்டீர்களே, அதற்கு எத்தனை பேர் இதயம் போட்டார்கள் என்று உங்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். போனே வைத்துக்கொள்ளாத அந்த அம்மாவிடம், பக்கத்து அறைக்குப் போய், வாயால் ஒரு வாழ்த்துச் சொன்னீர்களா என்றுதான் எனக்குத் தெரியவில்லை. அதை நான் துருவப்போவதும் இல்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இதைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து வீட்டில் யாரோ உங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள், நீங்களும் தலையைத் தூக்காமல் "இதோ, இதோ" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள்.