முதல் பந்தைத் தூக்கியடித்த பஞ்சர்

இருபது ஓவர் கிரிக்கெட்டை வெள்ளைக்காரன் கண்டுபிடித்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அறுபதுகளில் செஞ்சி கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்த எங்கள் பஞ்சர்தான் கண்டுபிடித்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கே மறந்திருக்கும்.

அவலூர்பேட்டை அணி காலையில் வந்து கடைசி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். அதனால் அணிக்கு இருபது ஓவர் என்று பேச்சு. ஓவரைக் குறைத்தோமே தவிர ஆட்டத்தை மாற்றவில்லை. பந்தைத் தரையோடு தட்டுவதுதான் மரியாதை என்று இருந்தோம். பஞ்சர் மட்டும் பேடுக்குப் பதிலாகக் காலில் பழைய டயரைக் கட்டிக்கொண்டு முதல் பந்தையே ராஜகிரிக் கோட்டைப் பக்கம் தூக்கியடிப்பான். ஏன்டா என்றால், "பத்து விக்கெட் இருக்குது, ஓவரு இருபதுதான். அவுட்டானா இன்னா போச்சு?" என்பான். கிறுக்கன் என்று சிரித்தோம்.

கேப்டன் ஜவுளிக்கடைக்காரர். ஊரில் இருந்த ஒரே நல்ல மட்டை அவருடையது. கேப்டன் பதவிக்கு வேறு தகுதி தேவைப்படவில்லை. அடிக்கிறவர் கையில் மட்டை, எதிர்முனையில் நிற்பவர் கையில் விறகுக்கட்டை.

ஒரு பொங்கல் ஆட்டத்தில் கேப்டன் தட்டிக்கொண்டே நின்றார். ஓவர் கரைந்தது. எதிர்முனையில் நின்ற பஞ்சர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். பிறகு இல்லாத ரன்னுக்கு அவரைக் கூப்பிட்டு, அவர் பாதி வழி வந்ததும் தான் நகராமல் நின்றுவிட்டான். கேப்டன் ரன் அவுட். சொந்த ஆளையே அவுட்டாக்குவதும் ஒரு வியூகம் என்று உலகத்துக்கு அப்போது தெரியாது. அவர் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். மிச்ச ரன்னைப் பஞ்சர் விறகுக்கட்டையாலேயே அடித்து ஜெயிக்க வைத்தான்.

அவன் ஆடினால் மட்டை வராது என்றார் கேப்டன். மட்டை இல்லாமல் எதை ஆடுவது? அதன்பின் ஞாயிறுதோறும் பஞ்சர் கடையைச் சாத்திவிட்டு, காலில் டயரைக் கட்டிக்கொண்டு புளியமரத்தடியில் வந்து உட்காருவான். யாரும் கூப்பிட மாட்டார்கள். சாயங்காலம் அவிழ்த்துக்கொண்டு போவான்.

இரண்டு வருஷம் கழித்து மஞ்சள்காமாலையில் படுத்தான். நான் பார்க்கப் போனபோது அங்கே கேப்டன் நின்றிருந்தார். மட்டையைப் பாயில் அவன் பக்கத்தில் வைத்தார்.

"ஞாயித்துக்கெழம அவலூர்பேட்டைக்காரங்க வர்றாங்கடா. நீதான் மொதல்ல எறங்கணும்."

பஞ்சர் மட்டையைத் தடவினான். தூக்க முடியவில்லை.

"எத்தினி ஓவருண்ணா?"

"இருபது."

"போதும்" என்று சிரித்தான்.

வெள்ளிக்கிழமை போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாகக் கேப்டனே இறங்கினார். வாழ்நாளெல்லாம் தட்டியே ஆடிய மனுஷன், முதல் பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு தூக்கியடித்தார். கேட்ச். புளியமரத்தடியைப் பார்த்தபடியே திரும்பி வந்தார். அவுட்டானால் என்ன போச்சு என்று சொல்ல அங்கே எங்கள் பஞ்சர் இல்லை.