சுண்ணாம்பு ஞானம்

பேச்சு சுவாரசியத்தில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பை இரண்டு தடவை தடவிவிட்டேன். நாக்கு வெந்துவிட்டது.

வல்லம் வடகால் ஆரம்பப் பள்ளிக்கு நான் ஒருவன்தான் வாத்தியார். பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். அடுத்த இன்ஸ்பெக்‌ஷனிலும் இப்படியே இருந்தால் பள்ளியை மூடிவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். லீவு போட்டால் அதுவே சாக்காகிவிடும். ஆகவே வாயை மூடிக்கொண்டு ஆலமரத்தடியில் பிள்ளைகள் நடுவே போய் உட்கார்ந்தேன்.

பெண்ணைக் கொண்டுவிட வந்த கன்னியம்மா, "இன்னா சார், பேச மாட்டேன்ற?" என்றாள்.

'இத்தனூண்டு சுண்ணாம்பு' என்று கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் சேர்த்துக் காட்டினேன்.

அந்த நேரம் பார்த்து, ரேடியேட்டர் கொதித்து நின்ற காரிலிருந்து கோதண்டராமன் இறங்கினார். சென்னையில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குரு தேடி ஊர் ஊராக அலைபவர். ஆலமரம், மௌனம், சுற்றிலும் சீடர்கள், சேர்ந்திருந்த என் விரல்கள்.

"சாட்சாத் தட்சிணாமூர்த்தி" என்று காலில் விழுந்தார்.

இல்லையென்று தலையாட்டினேன்.

"என்ன அடக்கம்" என்று இன்னொரு முறை விழுந்தார்.

அப்படிப் பிறந்ததுதான் மௌனக் கல்வி இயக்கம். கொட்டகை வந்தது. மணிமங்கலத்திலிருந்துகூடப் பிள்ளைகள் வந்தார்கள். அவர்களே வாசித்தார்கள், அவர்களே வாதாடினார்கள், நான் தலையாட்டினேன். என் நாக்கு ஆறுவதற்குள் இயக்கத்துக்கு நான்கு கிளைகள். இனி எப்படிப் பேசுவது? வீட்டுக்குப் போய் எருமையிடம் பேசினேன். அதுவும் எழுந்து போய்விட்டது.

மனசு கேட்கவில்லை. கோதண்டராமனிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"எல்லாம் சுண்ணாம்பால வந்ததுங்க."

அவர் கண்ணை மூடினார். "கல் வேகணும். தண்ணி படணும். அப்பத்தான் நீறாகும். ஆணவமும் அப்படித்தான். என்ன உவமை, சுவாமி!"

அந்த வாரமே கிளைப் பள்ளி வாத்தியார்கள் நாலு பேருக்கும் நாக்கு வெந்தது.

இன்ஸ்பெக்டர் வந்தார், உட்கார இடமில்லாத கூட்டத்தைப் பார்த்து, கும்பிட்டுவிட்டுப் போனார். பள்ளி பிழைத்தது. எனக்குத்தான் தூக்கம் போயிற்று. ஏன் இங்கே அனுப்புகிறீர்கள் என்று பெற்றவர்களை ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். "எல்லாம் உங்க மகிமை, சாமி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கடைசியில் கன்னியம்மாவைப் பிடித்தேன். "நீயாவது நேரா சொல்லும்மா. என் மௌனத்துல அப்படி என்னதான் இருக்கு?"

"அதுல ஒரு எழவும் இல்ல சார். முன்னல்லாம் எம் பொண்ணு வாயத் தொறந்தா பாதியிலயே நீ புடுங்கிக்குவ. இப்பதான் அது சொல்லி முடிக்கிற வரிக்கும் கேட்டுக்கினு கீற. அதுக்கு எங்க வூட்ல கூட ஆளு இல்ல."