சகலையர் விஸ்கிப் பரணி

வாழ்க நாவே! முப்பத்திரண்டு வெண்ணிற வீரர் இருமருங்கும் காவல் நிற்க, ஈரச் சிம்மாசனத்தில் வீற்றிருந்து அறுசுவையையும் அரசாளும் எலும்பில்லா வேந்தே, உன்னை வணங்கி இந்தப் பெரும்போரைப் பாடத் தொடங்குகிறேன். நடுவில் எங்காவது உளறினால் பழி உன்னையே சேரும். வாழ்க நம் பாட்டுடைத் தலைவரும்! பெயிண்ட்கடைப் பெருமகனார், டின் மூடி நெம்பும் திண்தோளர், ஆயிரம் நிறங்களைக் கலக்கிக் களைக்காத கையர், அந்த வீட்டின் மூத்த மருமகர்.

மாமனார் வீட்டு விருந்துக்கு எந்த பாட்டில் வாங்குவது, வாங்கியது கொடுத்த காசுக்குப் பெறுமா பெறாதா என்று தீர்ப்புரைக்கும் உரிமை அவர் ஒருவருக்கே இருந்தது. ஒரு மிடறு பருகுவார், கண்களை மூடுவார், மூடிய கண்ணாலேயே கூரையை நோக்குவார், "பெறும்" என்பார். அதற்குமேல் அப்பீல் கிடையாது. பெரிய படிப்பு இல்லை, பதவி இல்லை, வருமானமும் ஏதோ கைக்கும் வாய்க்கும் சரி. ஆனாலும் அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மாமனார் எழுந்து நின்று "வாங்க மாப்பிள்ளை" என்றாரென்றால், அது அந்த ஒரு நாக்குக்காகத்தான்.

இப்படிப் பகையின்றி நடந்துகொண்டிருந்த நல்லாட்சியின்மேல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் படையெடுத்து வந்தார் இளைய மருமகர். சொத்தைகளின் கூற்றுவர், ஈறுகளின் ஏந்தல், பல் மருத்துவர். அவர் கக்கத்தில், விமான நிலையக் கடையில் வாங்கிய, தோள் அகன்று கழுத்து குறுகிய பொன்னிற பாட்டில் ஒன்று. மக்காச்சோளம் ஈன்ற இனிய மகளாம் போர்பனையும், ரை என்னும் தானியம் ஈன்ற முரட்டு மகனாம் ரை விஸ்கியையும், கருக்கிய ஓக் பீப்பாய்களில் பொறுமையாக வளர்த்து, பிறகு ஒன்றாகக் கலந்து மணமுடித்து வைத்த விஸ்கி அது. விலையை அவர் சொன்னபோது சமையலறையில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. நம் தலைவர் வழக்கமாக வாங்கும் பாட்டிலில் மூன்றை அந்தக் காசுக்கு வாங்கிவிடலாம்.

மாமனார் பாட்டிலை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, ஆட்டிப் பார்த்தார். ஊரார் நிலத்தையெல்லாம் சங்கிலி போட்டு அளந்து ஓய்வு பெற்றவர் அவர். அளக்காமல் எதையும் நம்பமாட்டார்.

"பெரிய மாப்பிள்ளை, நீங்க சொல்லுங்க. இது இந்தக் காசுக்குப் பெறுமா?"

அந்தோ! என்ன கேள்வி கேட்டுவிட்டார்! போர்பனையும் ரையையும் நம் தலைவர் பெயரளவில்கூட நன்றாக அறியார். பெறும் என்றால் சகலை உயர்ந்துவிடுவார். பெறாது என்றால் வயிற்றெரிச்சல் என்பார்கள். மழுப்புவானேன், நாக்கின் பெருமை போய்விட்டால் இந்த வீட்டில் தான் வெறும் பெயிண்ட்கடைக்காரன் என்பது அவருக்குத் தெரியும். ஆயினும் வேட்டியை இறுக்கிக்கொண்டு, மார்பை நிமிர்த்தி, வஞ்சினம் உரைத்தார்:

"கலக்குறது என் தொழில், மாமா! இதையும் நம்ம பாட்டிலையும் எது எதுன்னு தெரியாம ஊத்தி வைங்க. எது ஒசத்தின்னு என் நாக்கு சொல்லும்!"

"நானும் வரேன், சகலை," என்றார் பல் மருத்துவர். "தோத்தவங்க இனிமே இந்த வீட்ல பாட்டில் விஷயமா வாயைத் திறக்கக் கூடாது!" ஊராரை வாயைத் திறக்கச் சொல்லியே பிழைப்பவர் இப்படி ஒரு பந்தயம் வைத்தார்.

நம் தலைவரின் மனைவி சமையலறையில் இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் ஊற்றினார். விலை உயர்ந்ததை ஊற்றிய தம்ளரின் அடியில் ஒரு துண்டு ஒட்டுத்தாளை ஒட்டினார். களத்தில், அதாவது சாப்பாட்டு மேசையில், கொண்டுவந்து வைத்தார். கணவரைப் பார்த்த பார்வையில், 'உங்களுக்கு இது தேவையா?' என்று இருந்தது.

முதலில் நம் தலைவர் புகுந்தார். பெயிண்டின் ஈர நிறம் பொய், காய்ந்த நிறமே மெய் என்பது அவர் தொழிலின் தலையாய விதி. எந்தக் கலவையையும் புறங்கையில் ஒரு சொட்டு தடவி, ஊதிக் காயவைத்துப் பார்க்காமல் அவர் டின்னை மூடியதில்லை. அவ்விதியே இங்கும் செல்லும் என்று துணிந்து, முதல் தம்ளரில் ஒரு சொட்டு எடுத்து இடப் புறங்கையில் தடவினார். இரண்டாம் தம்ளரில் ஒரு சொட்டு எடுத்து வலப் புறங்கையில் தடவினார். புயலெனப் பூவெனப் புஸ்ஸென ஊதினார். சன்னலோரம் சென்று இரு கைகளையும் நீட்டி, சூரியனையே சாட்சிக்கு அழைத்தார். பிறகு முகர்ந்தார். வலக்கை சாதுவாக இருந்தது. இடக்கையிலோ ஓர் ஆவேச மணம் மூக்கைத் துளைத்து மூளைவரை சென்று முரசறைந்தது. காலையில் கடையில் பெயிண்டைக் கரைக்கும் தின்னர் ஊற்றியபோது நனைந்தது அந்தக் கைதான் என்பதை, ஐயகோ, அவர் மறந்தே போனார்! சொட்டை வீணாக்க மனமின்றி நக்கினார். வாய் கோணியது. அந்தக் கோணலை ரையின் காரம் என்று கொண்டார். பெயருக்கு இரண்டு தம்ளரிலும் ஒவ்வொரு மிடறு விழுங்கிவிட்டு முழங்கினார்:

"மொதல் தம்ளர்தான்! ஓக் மரம், மிளகு, வார்னிஷ், எல்லாம் இருக்கு. இது ராஜா. ரெண்டாவது சும்மா!"

அடுத்துப் பல் மருத்துவர் எழுந்தார். முதல் தம்ளரில் ஒரு வாய் கொண்டார். கன்னத்துக்குக் கன்னம் தள்ளி, கடைவாய் முதல் முன்வாய் வரை கடல் கடைந்ததுபோல் கொப்பளித்தார். எழுந்து போய் வாஷ்பேசினில் துப்பினார். இரண்டாம் தம்ளரிலும் ஒரு வாய் கொண்டார். முன்னிலும் நெடிதாகக் கொப்பளித்தார். அதையும் துப்பினார். அவர் குற்றமில்லை, பாவம். நாள் முழுக்க 'கொப்பளிச்சுத் துப்புங்க' என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அது.

"ரெண்டாவதுதான் நான் கொண்டு வந்தது," என்றார் வாயைத் துடைத்தபடி.

தம்ளர்கள் கவிழாமல் தூக்கிப் பார்க்கப்பட்டன. ஒட்டுத்தாள் இரண்டாவதின் அடியில் இருந்தது.

சாய்ந்தது கொடி! தான் வழக்கமாக வாங்கும், மூன்றில் ஒரு பங்கு விலைச் சரக்கையே ராஜா என்று முழங்கிய நம் தலைவர், இரண்டு கைகளையும் மடியில் மறைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். மனைவி அவர் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். இளையவர் மெல்லப் புன்னகைத்தார், நல்ல பல்வரிசை.

ஆனால் மாமனாரோ அவர்களில் எவரையும் பார்க்கவில்லை. வாஷ்பேசினையே பார்த்துக்கொண்டிருந்தார். மகனைப் போர்க்களத்தில் பறிகொடுத்தவர் முகம் அப்படித்தான் இருக்கும். பிறகு எழுந்து, மேசையில் கையூன்றி, வீடு அதிரத் தீர்ப்புரைத்தார்:

"எது எதுன்னு கண்டுபிடிச்சது சின்ன மாப்பிள்ளைதான், நான் இல்லைங்கல. ஆனா நான் கேட்ட கேள்வி என்ன? காசுக்குப் பெறுமா பெறாதான்னுதானே? அவ்வளவு காசு குடுத்து வாங்கினதை அவரே பேசின்ல துப்பிட்டாரு. பெரிய மாப்பிள்ளை கையில இருந்த சொட்டைக்கூட விடாம நக்கினாரு. மதிப்புத் தெரிஞ்ச மனுஷன் அவருதான்! இனிமேலும் இந்த வீட்டுக்கு வாங்கறது அவரு பொறுப்பு, அவரு சொன்னதுதான் சொல்லு!"

எழுந்தது கொடி! வாகை மாலை வந்து விழுந்ததுபோல் நம் தலைவரின் கழுத்து நிமிர்ந்தது. கண் கலங்கியது. அறிந்து வென்றவர் ஆயிரம் பேர் இருக்கலாம். அறியாமலே வென்று, நக்கியே நாடாண்டவர் இவர் ஒருவரே என்று திசைகள் எட்டும் வாழ்த்தின. வெற்றிக் களிப்பில், இதுவரை நாவில் சரியாகப் படாத அந்தப் பொன்னிறக் கலவையை இனி ஆர அமரப் பருகலாம் என்று அவர் தம்ளரை நீட்டினார். தோற்ற பல் மருத்துவரும், இம்முறை விழுங்கிவிடும் உறுதியோடு, தம் தம்ளரை நீட்டினார்.

"உங்களுக்குத்தான் இது சும்மாவாச்சே, பெரிய மாப்பிள்ளை," என்று சொல்லிவிட்டு, மாமனார் அந்த பாட்டிலை எடுத்துப் போய்த் தன் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.