ஐந்தாவது வளைவு

ஐந்தாவது கொண்டை ஊசி வளைவில் பூமாலையின் மொபெட் இருமிக்கொண்டே திரும்பியபோது, மகளின் வெள்ளைக் கார் சாலையோரமாக நின்றுகொண்டிருந்தது. இவர் தலை தெரிந்ததும் கிளம்பிப் போய்விட்டது.

மூன்று நாளாக இதே கதை. வளைவுக்கு வளைவு நிற்கிறது. இவர் வந்ததும் ஓடிவிடுகிறது.

மகள் ராதிகாவுக்குப் பத்தொன்பது வயது. லேப் டெக்னீஷியன் படிப்பின் கடைசி இரண்டு மாதம் வெள்ளிமலை ஆஸ்பத்திரியில் பயிற்சி. காலை எட்டு மணிக்கு அங்கே இருக்கவேண்டும். கச்சிராயபாளையத்தில் பஸ் ஏறினால் போய்ச் சேர ஒன்பதரை ஆகிவிடும். சிங்கப்பூரில் வேலை செய்யும் அண்ணன் அன்புச்செல்வன்தான் அடம்பிடித்து ஒரு பழைய கார் வாங்க வைத்தான்.

"பத்தொம்போது வயசுப் புள்ளைக்குத் தனியா காரா? உனக்கு இன்னாடா புத்தி கெட்டுப்போச்சா?" என்று பூமாலை போனில் கத்திப் பார்த்தார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். ஒரே ஒரு தப்பு நடந்தாலும் கார் போய்விடும். காரோடு படிப்பும்.

முதல் நாளே, கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போவதாகச் சொல்லிவிட்டு, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு மொபெட்டில் மகள் பின்னாலேயே கிளம்பினார். தண்ணீர் கட்டுவதற்கு எதற்குச் சலவைச் சட்டை என்று மனைவி காசியம்மாள் கேட்டாள். மொபெட்டுக்குப் பிரேக் போய் ஒரு வருஷம் ஆகிறது என்பதையும் ஞாபகப்படுத்தினாள். காலைத் தரையில் தேய்த்து நிறுத்தியே அவருக்குப் பழகிவிட்டது.

கார் நிற்பது எஞ்சின் கோளாறாக இருக்கும் என்று முதலில் நினைத்தார். ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் சுபாஷிடம் காட்டினார். அவன் ஒரு மணி நேரம் குடைந்துவிட்டுக் கையைத் துடைத்தான்.

"காரு நல்லாத்தான் கீது. அந்த மொபெட்ட வேணா வுட்டுட்டுப் போங்க, நான் பாக்கறேன்."

"அதுக்கு இன்னா கொறச்சல்?" என்று பூமாலை அதில் ஏறிப் போய்விட்டார்.

அப்படியானால் விஷயம் வேறு. இவர் தலையைப் பார்த்ததும் கிளம்புகிறாள் என்றால், அதற்கு முன்னால் யாரோ காரிலிருந்து இறங்கி ஓடியிருக்க வேண்டும். கையும் களவுமாகப் பிடிக்க, மறுநாளிலிருந்து இன்னும் பின்தங்கி வந்தார். கார் இன்னும் அதிக நேரம் நின்றது. அவள் ஆஸ்பத்திரி போய்ச் சேரும் எட்டு மணி எட்டேகால் ஆனது. மேலும் பின்தங்கினார். எட்டேகால் எட்டரை ஆனது. இன்னொரு நாள் லேட்டாக வந்தால் பயிற்சிச் சான்றிதழில் கையெழுத்துக் கிடையாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். ராதிகா அம்மாவிடம் சொல்லி அழுதாள்.

"வழியில எங்கனா நிக்கிறியாம்மா?" என்று பூமாலை கேட்டார்.

"இல்லியேப்பா." அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

பொய். சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தார். மகனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னார்.

"யாரையாச்சும் பாக்குறாளாப்பா?" என்றான் அன்பு. "அப்படி இருந்தா வித்துடுங்க. நான்தான் தப்புப் பண்ணிட்டேன்."

மறுநாள் பூமாலை ஒரு முடிவோடு கிளம்பினார். நாலாவது வளைவுக்குக் கீழேயே மொபெட்டைப் புதருக்குள் தள்ளினார். துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, குறுக்குப் பாதையில் மூச்சு வாங்க ஏறி, ஐந்தாவது வளைவில் இருந்த பலாமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

கார் நின்றிருந்தது. பத்து நிமிடம். இருபது நிமிடம். ராதிகா இறங்கினாள். சாலையையே பார்த்தாள். போனைக் காதில் வைத்தாள். மலையில் டவர் ஏது? வளைவில் கொய்யாப்பழம் விற்கும் செல்லியம்மாளிடம் ஏதோ கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எட்டு மணி தாண்டியது. ஒருத்தனும் வரவில்லை. வராதவன்மேல் பூமாலைக்கு இன்னும் கோபம் வந்தது. தன் பெண்ணை இப்படிக் காக்கவைக்க எவனுக்கு இவ்வளவு திமிர்?

எட்டரைக்கு ராதிகா காரில் ஏறினாள். முன்னும் பின்னுமாக எடுத்துத் திருப்பினாள். ஆஸ்பத்திரி மலைமேல் இருக்கிறது. கார் கீழே இறங்கிப் போனது.

பூமாலை மரத்தைவிட்டு வெளியே வந்தார். செல்லியம்மாள் பழத்தை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, அந்தப் பொண்ணு டெய்லி இங்க யாருக்காக நிக்குது?"

"அதுங்களா? அவங்க அப்பாவுக்குத்தாங்க" என்றாள் செல்லியம்மாள், கூடையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பிரேக் இல்லாத வண்டியில ஒளிஞ்சி ஒளிஞ்சி பின்னாடியே வருவாராம், தெரிஞ்ச மாதிரி காட்டிக்கினா வெக்கப்படுவாராம், அதான் அவரு பத்திரமா வளைவு ஏறிட்டாருன்னு கண்ணாடியில பாத்துட்டு இது கெளம்பிடும், இன்னிக்கி ஆளக் காணோம், எங்க உழுந்து கெடக்குறாரோன்னு தேடிக்கினு போவுது."